இன்ஜின் முகப்பில் மினுக்கும் மஞ்சள் விளக்கு எதற்கு?

கதிர்:
எங்கள் வீடு இரட்டைப் பாதையை ஒட்டி இருக்கிறது. போன வாரம் இரவு ஒரு சரக்கு வண்டி சட்டென்று நின்றது. முகப்பில் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பாதையில் எதிரே வந்த எக்ஸ்பிரஸும் தூரத்திலேயே நின்றுவிட்டது. கோளாறு இந்த வண்டியில், அது ஏன் நின்றது?

ஓய்வுபெற்ற லோகோ பைலட்:
தம்பி, அந்த பிளாஷர் எரிவதே எதிரே வருகிறவருக்காகத்தான். அதைப் பார்த்தால் அவர் உடனே நிறுத்தியாக வேண்டும்.

எனக்கும் ஒருமுறை நடந்தது. நல்ல மழை இரவு. வண்டி நெடுக ஓடும் பிரேக் பைப்பில் காற்றழுத்தம் 5 கிலோவிலிருந்து சரசரவென்று இறங்கியது. கை முதலில் போனது பிளாஷர் சுவிட்சுக்குத்தான். பின்னால் வேகன் தடம் புரண்டு பக்கத்துப் பாதையில் சாய்ந்து கிடக்கிறதா என்று இருட்டில் எப்படித் தெரியும்? உதவியாளர் டெட்டனேட்டர்களோடு இறங்கி ஓடினார்; தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிப்பவை அவை. 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வைக்க வேண்டும். நனைந்த ஜல்லி காலடியில் சறுக்கும், கால் மணி நேரமாவது ஆகும். 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அந்த 1200 மீட்டரை 40 நொடியில் தாண்டிவிடும். அதுவரை அந்த விளக்குதான் காவல்.

எதிரே ஒரு ஹெட்லைட் புள்ளியாகத் தெரிந்து, பெரிதாகி, அப்படியே நின்றது. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. போய்ப் பார்த்தால் இரண்டு வேகன்களுக்கு நடுவே ஹோஸ் பைப் கழன்றிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது பல இன்ஜின்களில் அழுத்தம் குறைந்தால் பிளாஷர் தானே எரியும். மிக நல்ல ஏற்பாடு.

கதிர்:
நன்றி ஐயா. கடைசிப் பெட்டியில் பெரிய பெருக்கல் குறி போட்டிருக்கிறதே, அது?

ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர்:
அதைப் பார்ப்பது எங்கள் வேலை. அந்தக் குறியோ, கடைசிப் பெட்டி (Last Vehicle) என்று காட்டும் எல்.வி. பலகையோ, இரவில் சிவப்பு விளக்கோ கண்ணில் பட்டால்தான் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று அர்த்தம். இல்லையென்றால் பாதி வண்டி அறுந்து பின்னால் நிற்கலாம். அடுத்த வண்டியை விடமாட்டோம்.

ஓய்வுபெற்ற லோகோ பைலட்:
சரியாகச் சொன்னீர்கள். இன்ஜின் மட்டும் தனியாகப் போனாலும் இதே கணக்குதான் தம்பி. அப்போது அதன் பின்பக்க மார்க்கர் விளக்குகளைச் சிவப்பில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவோம்.