புதுப்பிப்பு: அம்மாவின் படுக்கைப்புண்ணும் ஏஜென்சி ஆட்களும்

பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவை வீட்டில் பார்த்துக்கொள்ள, ஆள் அனுப்பும் ஏஜென்சி 3 மாதத்தில் 4 பேரை மாற்றி மாற்றி அனுப்பியதையும் படுத்தே கிடந்ததில் இடுப்பில் புண் வந்ததையும் போன மாதம் எழுதியிருந்தேன். அவர்களை நிறுத்திவிட்டோம்.

அந்தப் பதிவைப் படித்து நீங்கள் சொன்னபடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டேன். 2021இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார், பணம் வாங்கவில்லை. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று எங்களுக்கு முதலில் சொன்னதே அவர்தான். தினம் 900 ரூபாய் வாங்கியவர்கள் ஒருநாளும் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

இப்போது பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் பகலில் வருகிறார். பயிற்சி எதுவும் இல்லாதவர்தான், ஆனால் புரட்டிய நேரத்தை நோட்டில் குறிக்கிறார், அம்மாவிடம் பேசிக்கொண்டே சோறு ஊட்டுகிறார். புண் ஆறி வருகிறது. அப்புறம், வழி தெரியாமல் திண்டாடுபவர்கள் முதியோர் உதவி எண் 14567இல் கேட்டுப் பாருங்கள்.