வளைவுக்குக் காசு கேட்ட மடலுக்குப் பதில், கொழும்பிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூட வாசலில் வளைவு கட்டி, அதன் உச்சியில் சீமெந்தில் ஒரு ஜம்போ விமானம் வைக்க வேண்டும், ஆளுக்கு இவ்வளவு போடுங்கள் என்று சுவிஸ் தம்பி எழுதியிருக்கிறார். லண்டன் அண்ணையின் மகன் விமானப் பொறியியலில் பட்டம் எடுத்தது ஊருக்கே பெருமை. ஐயா உயிரோடு இருந்திருந்தால் சந்தியில் வெடி கொளுத்தியிருப்பார். ஆனால் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து வளைவுக்குக் காசு வராது. காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கோயில் கேணிக் கதையை இதற்குள் இழுக்க வேண்டாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன என் பெறாமகள் பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பார்த்திருக்கிறாள். நாங்கள் காசு சேர்த்து அனுப்பிய பௌதிகவியல் ஆய்வுகூடச் சாமான்கள் பொலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் அலுமாரிக்குள் கிடக்கின்றன. உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பித்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. வசதியுள்ள பிள்ளைகள் விடியப்புறம் பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்கு ரியூசனுக்குப் போகிறார்கள். வசதியில்லாதவர்கள் கணிதப் பிரிவை விட்டே போய்விட்டார்கள். அவள் அனுப்பிய அந்த அலுமாரிப் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

சரி, ஜம்போவைத்தான் வாசலில் வைக்கப் போகிறோம் என்றால், ஜம்போ என்கிற போயிங் 747ஐ உருவாக்கிய பொறியியலாளர் ஜோ சட்டரைப் பற்றியும் கொஞ்சம் கேளுங்கள். 1921இல் சியாட்டிலில் பிறந்தவர். தகப்பன் ஸ்லோவேனியாவிலிருந்து பிழைக்கப் போனவர், இறைச்சித் தொழிலில் வேலை செய்தவர். மகன் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே படித்து, போர்க்காலத்தில் கடற்படையில் இருந்துவிட்டு, 1946இல் போயிங்கில் சேர்ந்தார். 747 வேலை அவர் கைக்கு வந்தபோது நிறுவனத்தின் கண் முழுக்க ஒலியை விட வேகமாகப் பறக்கும் விமானத்தில்தான் இருந்தது. அதை வாங்கவிருந்த அமெரிக்க விமான சேவை பான் ஆமின் தலைவர் ஹுவான் டிரிப் மனதில் வைத்திருந்ததோ இரண்டு தட்டு விமானம். அவசரமென்றால் மேல்தட்டில் இருப்பவர்களை எப்படி இறக்குவது, சரக்கை எப்படி ஏற்றுவது என்று யோசித்து, சட்டரின் குழு ஒரே தட்டை அகலமாக வரைந்தது. 8 அடி அகலச் சரக்குப் பெட்டிகள் இரண்டு அருகருகே நிற்க வேண்டும், மூக்கைத் திறந்து ஏற்றவும் வேண்டும், அதனால் விமானி அறை மேலே போனது. நாங்கள் பார்க்கிற அந்த முதுகுத் திமில் அப்படி வந்ததுதான். அகலம் எவ்வளவு என்று பான் ஆம்காரருக்குப் புரியவைக்க சட்டருடைய ஆள் ஒருவர் 20 அடிக் கொடிக்கயிற்றைக் கொண்டுபோய்க் கூட்ட அறையில் குறுக்கே இழுத்துக் காட்டினாராம்.

அதைவிட எனக்குப் பெரிது வேறொன்று. போயிங்கைக் கடன் கழுத்தை நெரித்த நேரத்தில் ஆயிரம் பொறியியலாளர்களைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து சொன்னார்கள். சட்டர் மாட்டேன் என்றார், இன்னும் ஆள் வேண்டும் என்றார். வேலை போனாலும் போகட்டும் என்று நின்ற மனிதர். 747க்கு அவர் வைத்த நான்கு தனித்தனி ஹைட்ரோலிக் தொகுதிகள், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் விமானத்தைத் திருப்பவும் இறக்கவும் உதவுபவை, எந்தப் பயணியின் கண்ணுக்கும் படாதவை. 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பும்போது ஓடுபாதைக்கு அப்பால் இருந்த விளக்குக் கம்பங்களில் ஒரு பான் ஆம் 747 மோதி, நான்கில் மூன்று செயலிழந்தன. மிச்சமிருந்த ஒன்றை வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்கள், ஒருவரும் சாகவில்லை. 1986இல் நிர்வாகத் துணைத் தலைவராக ஓய்வுபெற்ற அதே ஆண்டு, சேலஞ்சர் விண்வெளி ஓட விபத்தை ஆராய்ந்த ஆணைக்குழுவிலும் இருந்தார். 2016இல் தான் காலமானார்.

எண்பதுகளில் ஏர் லங்காவும் ஜம்போ ஓட்டியது, கட்டுநாயக்காவில் அதில் ஏறிப் போனவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். அதற்கும் முன்பு இரத்மலானையிலிருந்து பலாலிக்கு வரும் ஏர் சிலோன் அவ்ரோ விமானத்தைப் பார்க்க வயல் வரம்பில் ஓடுவோமே, அப்போது எங்களுக்குப் பௌதிகவியல் சொல்லித்தர ஒரு வாத்தியார் இருந்தார்.

டொரன்டோ அக்கா, "ஊர் என்று சொல்ல வாசலில் ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் உயர்தரம் படித்த காலத்தில் என் அப்பா உங்களைச் சைக்கிளில் ஏற்றிப் பரமேஸ்வராச் சந்தி வரைக்கும் ரியூசனுக்குக் கொண்டுபோய் விட்டதை நான் இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. இன்றைக்கு அப்படிக் கூட்டிப்போக ஆளில்லாத பிள்ளைகளுக்காகத்தான் சொல்கிறேன்.

பொருளாளர் அண்ணை கேட்ட ஆய்வுகூடச் சாமான் ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன, ஸ்கேன் பண்ணி இந்தக் கிழமை அனுப்புகிறேன். அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று சுவிஸ் தம்பி தன் மச்சானிடம் கேட்டு எழுதட்டும். ஊரில் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் பின்னேரங்களில் வந்து படிப்பிக்கச் சம்மதித்திருக்கிறார், அதிபரும் வகுப்பறை தருகிறார். வளைவுக்குக் கேட்ட தொகையை அவருடைய மாதச் சம்பளமாக மாற்றினால் என் பங்கை இந்த மாதமே சங்கக் கணக்கில் போடுகிறேன். சம்மதமா இல்லையா என்று ஒவ்வொருவரும் இந்த மடலின் கீழேயே எழுதுங்கள், தனியாக எனக்குப் போன் எடுக்க வேண்டாம்.