வில்லியம் ஃபிராங்க்ளின் பக்கம் நின்று பேச வேண்டும்: எட்டாம் வகுப்பு விவாதத்துக்கு உதவி தேவை

எடிசன் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசனில். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அமெரிக்க விடுதலைப் போர் பாடத்துக்காக வகுப்பையே இரண்டாகப் பிரித்து விவாதம் வைத்திருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு வந்தது லாயலிஸ்ட் கட்சி, அதாவது பிரிட்டிஷ் அரசர் பக்கம். அதிலும் வில்லியம் ஃபிராங்க்ளின் வேடம். பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் மகன், நியூ ஜெர்சியின் கடைசி அரச ஆளுநர். அன்றிலிருந்து முகமே சரியில்லை. "பெத்த அப்பாவையே எதிர்த்தவர்மா, இவருக்காக நான் என்ன பேசறது" என்கிறாள்.

அவர் குடியிருந்த வீடு பெர்த் அம்பாயில் இன்னும் இருக்கிறது. ப்ரோப்ரைட்டரி ஹவுஸ் என்று பெயர். கூட்டிப் போய்க் காட்டினேன். பெரிய செங்கல் கட்டடம். 1774இல் குடிவந்திருக்கிறார், 1776 ஜூனில் அந்த வீட்டிலேயே கைது செய்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கொஞ்சம் ஆர்வம் வந்தது.

எங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான். ராஜா கொடுத்த பதவியில் இருந்தவர்கள் மட்டும்தான் ராஜா பக்கம் நின்றார்களா, சாதாரணக் குடியானவர்களும் இருந்தார்களா? மூன்றில் ஒரு பங்கு ஆதரவு, ஒரு பங்கு எதிர்ப்பு, ஒரு பங்கு நடுநிலை என்று அவள் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறாள். அதை அங்கே சொல்லலாமா? போர் முடிந்ததும் இவர்களை என்ன செய்தார்கள்? "துரோகி" என்று ஒரு வார்த்தை சொல்லி எதிர்க்கட்சிப் பிள்ளைகள் உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறாள். அந்த மனிதர் என்ன நினைத்து அப்படி நின்றார் என்பது புரிந்துவிட்டால் மீதியை அவளே பேசிவிடுவாள்.

பழைய வாத்தியார்:

அம்மா, வணக்கம். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தத் தகப்பன் மகன் கதையை எந்த வகுப்பில் சொன்னாலும் பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள், அதனால் உங்கள் பெண்ணுக்கு வந்திருப்பது நல்ல சீட்டு.

அப்பாவை எதிர்த்தே வளர்ந்த பிள்ளை அல்ல வில்லியம். 1752இல் இடி மழையில் பட்டம் விட்டு மின்சாரத்தைச் சோதித்தபோது கூட இருந்து உதவியவர் அவர்தான். லண்டனுக்கும் அப்பாவோடு போனார், சட்டம் படித்தார். 1763இல் ஆளுநராகத் திரும்பி வந்தார். தகப்பனுக்கு அதில் பெருமைதான். அந்தக் காலத்தில் பெஞ்சமினுக்கும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் மேல் அவ்வளவு பிடிப்பு. அப்புறம் மாறியது தகப்பன். மகன் நின்ற இடத்திலேயே நின்றார். "அப்பாவை எதிர்த்தார்" என்று யாராவது ஆரம்பித்தால் உங்கள் பெண் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தகப்பன் மாறியதற்கும் காரணம் உண்டு. 1774 ஜனவரியில் லண்டனில் அரசரின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சில் முன்னால் அவரை நிற்க வைத்து, வெடர்பர்ன் என்ற அரசு வழக்கறிஞர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாய்க்கு வந்தபடி ஏசினார். ஃபிராங்க்ளின் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அதோடு தபால் துறைப் பதவியும் போனது. இனி அந்த அரசை நம்பிப் பயனில்லை என்று முடிவு கட்டிவிட்டார். மகனையும் விலகி வரச் சொல்லிப் பார்த்தார், மகன் கேட்கவில்லை.

வில்லியமின் நியாயம் 1775 ஜனவரியில் அவர் நியூ ஜெர்சி சட்டசபையில் பேசிய பேச்சில் இருக்கிறது. உங்கள் முன்னால் இரண்டு பாதைகள் உள்ளன, ஒன்று சமாதானத்துக்குப் போகும், மற்றது உள்நாட்டுப் போருக்குப் போகும் என்று சபையை எச்சரித்தார். குறை இருந்தால் அரசருக்கு மனுப் போடுங்கள், சட்டத்துக்கு வெளியே போகாதீர்கள் என்பது அவர் கட்சி. அடுத்த சில வருடங்களில் ட்ரென்டன், பிரின்ஸ்டன், மான்மவுத் என்று உங்கள் மாநிலமே போர்க்களமாகிப் போனது. அவர் சொன்னது நடக்கவில்லை என்று எதிர்க்கட்சியால் சொல்லவே முடியாது.

கைது செய்ய வந்தவர் கர்னல் நதானியேல் ஹெர்ட், உங்கள் பக்கத்து ஊரான உட்பிரிட்ஜைச் சேர்ந்தவர். கையில் ஒரு தாள் கொண்டு வந்திருந்தார். ஒதுங்கியிருப்பதாக அதில் கையெழுத்துப் போட்டால் ஆளுநர் தன் பண்ணையிலேயே போய் இருக்கலாம், சிறை இல்லை. வில்லியம் போடவில்லை. பர்லிங்டனுக்குக் கொண்டுபோய் விசாரித்தபோதும், இது சட்டப்படி அமைந்த சபை இல்லை என்று சொல்லி பதில் தர மறுத்துவிட்டார். பதவிச் சுகத்துக்காக நின்றவர் என்றால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பண்ணைக்குப் போயிருப்பார். என் கணிப்பில் அவர் பக்கம் பேச இதைவிட வலுவான சாட்சி கிடையாது.

அப்புறம் கனெக்டிகட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்துகொண்டே அரசர் பக்கம் திரும்பி வருபவர்களுக்கு ரகசியமாக மன்னிப்புப் பத்திரம் கொடுத்தார். அது தெரிந்ததும் 1777இல் லிட்ச்ஃபீல்ட் சிறையில் தனியறையில் அடைத்தார்கள். மனைவி எலிசபெத் நியூயார்க்கில் சாகக் கிடந்தார். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று விடுதலைப் படைத் தளபதி வாஷிங்டனுக்கு எழுதினார். வாஷிங்டன் விடுதலைப் பக்கத்தை நடத்திய காங்கிரஸ் சபையைக் கேட்டார், காங்கிரஸ் மறுத்தது. அந்த அம்மாள் ஜூலையில் இறந்துபோனார். பெஞ்சமினோ அப்போது பாரிஸில், வில்லியமின் சொந்த மகன் டெம்பிளைக் கூட வைத்துக்கொண்டு, பிரான்ஸின் உதவியைத் திரட்டிக்கொண்டிருந்தார். மகனை விடுவிக்க அவர் ஒரு முயற்சியும் எடுக்கவில்லை. இதை எத்தனை தரம் படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வில்லியமின் மோசமான பக்கத்தையும் பெண்ணிடம் மறைக்காதீர்கள். 1778இல் கைதி மாற்றத்தில் வெளியே வந்தவர், நியூயார்க்கில் லாயலிஸ்ட்களுக்கென்று ஒரு வாரியத்தின் தலைவரானார். அந்த வாரியத்தைச் சேர்ந்த லிப்பின்காட் என்ற கேப்டன் 1782 ஏப்ரலில் ஜோஷுவா ஹட்டி என்ற விடுதலைப் பக்கத்து நியூ ஜெர்சி கேப்டனைக் கைதியாகக் கொண்டுபோய் ஹைலண்ட்ஸில் தூக்கில் போட்டார். தங்கள் ஆள் பிலிப் வைட்டைக் கொன்றதற்குப் பழி. வாரியம் வாய்மொழியாகச் சொல்லித்தான் செய்தேன் என்று லிப்பின்காட் வாதாடினார், ராணுவ நீதிமன்றமும் அவரை விடுவித்தது. அந்த வருடமே வில்லியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். ஹட்டியின் பெயரை எதிர்க்கட்சி கட்டாயம் எடுக்கும், தயாராக இருக்கட்டும்.

கிங்ஸ்டன் வாசி:

அக்கா, நான் கனடாவில், ஒன்டாரியோ கிங்ஸ்டனில் இருக்கிறேன். லாயலிஸ்ட்கள் 1784இல் வந்து குடியேறிய ஊர்ப் பக்கம். இந்த வட்டாரத்துப் பழைய கல்லறைகளில் பெயருக்குப் பின்னால் யு.ஈ. என்று இரண்டு எழுத்து வெட்டியிருப்பதைப் பார்க்கலாம். சாம்ராஜ்யத்தின் ஒற்றுமைக்காக நின்றவர்கள் என்று அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்த பட்டம் அது. இங்கே வந்து காடு வெட்டியவர்கள் ஆளுநர்களும் பிரபுக்களும் இல்லை. முக்கால்வாசிப் பேர் ஹட்சன், மோஹாக் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கமம் செய்த சனங்கள்.

ஏன் ராஜா பக்கம் போனார்கள் என்றால், ஊருக்கு ஊர் காரணம் வேறு. ஹட்சன் கரையில் லிவிங்ஸ்டன் குடும்பத்தின் நிலத்தில் குத்தகைக்கு இருந்தவர்களைப் பாருங்கோ. நிலச்சொந்தக்காரர் விடுதலைப் பக்கம். அவர் தோற்றால் நிலம் நமக்கு வரும் என்று நம்பிக் குத்தகைக்காரர் பலர் 1777இல் ராஜா பெயரைச் சொல்லிக் கிளம்பினார்கள், அடக்கிவிட்டார்கள். வட கரோலினாவில் ஸ்கொட்லாந்து மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் 1776 பெப்ரவரியில் மூர்ஸ் க்ரீக் பாலத்தில் ராஜாவுக்காகச் சண்டை போட்டுத் தோற்றார்கள். முப்பது வருடத்துக்கு முன் இதே ராஜ குடும்பத்தை எதிர்த்துக் கலோடனில் தோற்ற சனம் அது. எதிர்த்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு ஒருதரம் பட்டுத் தெரியும். போரே கூடாது என்னும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் ஒரு பக்கமும் ஆயுதம் எடுக்கமாட்டோம், சத்தியமும் செய்யமாட்டோம் என்றார்கள். அதற்காகவே ஃபிலடெல்ஃபியாவில் அவர்களில் சில முக்கியஸ்தர்களைப் பிடித்து வேர்ஜீனியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

ஒரே வீட்டுக்குள்ளேயே பிரிந்தவர்கள் எத்தனையோ. 1777 ஓகஸ்ட்டில் ஒரிஸ்கனியில் விடுதலைப் படையை நடத்தி, காலில் குண்டு பட்டுப் பிறகு இறந்துபோனவர் நிக்கலஸ் ஹெர்கிமர். அவருடைய சகோதரர் மற்றப் பக்கம். அந்தச் சகோதரரின் குடும்பம் போருக்குப் பிறகு எங்கள் கிங்ஸ்டனுக்குத்தான் வந்து சேர்ந்தது. அதே சண்டையில் ஒனைடா சனம் ஒரு பக்கம், மோஹாக் சனம் மறு பக்கம். இரண்டும் ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்த பூர்வகுடி இனங்கள்.

மூன்றில் ஒரு பங்குக் கணக்கைப் பிள்ளை சொல்லாமல் இருப்பது நல்லது. விடுதலைத் தலைவர்களில் ஒருவரான ஜோன் அடம்ஸ் 1815இல் எழுதிய கடிதத்திலிருந்து எடுத்துச் சொல்கிறார்கள். அங்கே அவர் பேசுவது ஃபிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி அமெரிக்கர்கள் என்ன நினைத்தார்கள் என்பது. வெள்ளையர்களில் 15 முதல் 20 சதவீதம் பேர் லாயலிஸ்ட்கள் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அவர்களில் ஏறக்குறைய 19,000 பேர் போர்க்காலத்தில் ராஜாவின் குடியேற்றப் படைகளில் இருந்திருக்கிறார்கள். 1780 அக்டோபரில் கிங்ஸ் மவுண்டனில் நடந்த சண்டையில் பிரிட்டனிலிருந்து வந்தவர் என்று சொல்லத் தளபதி ஃபெர்குசன் ஒருவர்தான். மற்றப்படி இரண்டு பக்கமும் அமெரிக்கர்களே. சண்டை முடிந்த பிறகு பிடிபட்டவர்களில் 9 பேரை மரத்தில் தூக்கினார்கள்.

எடிசன் அம்மா:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்தக் கையெழுத்துப் போடாத தாள் அவளைப் பிடித்துக்கொண்டது, இப்போது தானே உட்கார்ந்து எழுதுகிறாள். வாத்தியார் ஐயா, ஒன்று கேட்கிறாள்: எதிர்க்கட்சிப் பிள்ளைகள் "நாங்கள் சுதந்திரத்துக்காகப் போராடினோம், நீங்கள் எதற்கு" என்று கேட்டால் என்ன சொல்வது? சொத்து விஷயமும் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

மான்மவுத்காரன்:

நடுவில் வருகிறேன், இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. உங்கள் பெண் டைட்டஸைப் பற்றிச் சொல்லட்டும். எங்கள் மான்மவுத் கவுண்டியில் ஜான் கார்லிஸ் என்பவரிடம் அடிமையாக இருந்தவர். கார்லிஸ் குவேக்கர். மற்ற குவேக்கர்கள் 21 வயதானால் அடிமையை விடுவிக்கத் தொடங்கியிருந்தார்கள், இவர் விடவில்லை. 1775 நவம்பரில் டைட்டஸ் தப்பி ஓடினார். அதே மாதம் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், விடுதலைப் பக்கத்தாரின் அடிமைகள் அரசர் படைக்கு வந்தால் விடுதலை என்று அறிவித்திருந்தார். சில வருடம் கழித்து இதே டைட்டஸ் கர்னல் டை என்ற பெயரோடு திரும்பி வந்து, தனக்குத் தெரிந்த சந்து பொந்தெல்லாம் பயன்படுத்தி இந்தப் பகுதியில் தாக்குதல் நடத்தினார். 1780இல் கோல்ட்ஸ் நெக்கில் ஒரு வீட்டைத் தாக்கியபோது கையில் குண்டு பட்டு, காயம் புரையோடி, ஜன்னி கண்டு செத்தார். அது மேலே வாத்தியார் சொன்ன அதே ஜோஷுவா ஹட்டியின் வீடு.

வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையிலிருந்தே ஹாரி என்ற அடிமை ஓடிப்போய் அரசர் பக்கம் சேர்ந்தார். 1783இல் பிரிட்டிஷார் நியூயார்க்கைக் காலி செய்தபோது கறுப்பினத்தவர் ஏறக்குறைய 3,000 பேரின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதிக் கப்பலேற்றினார்கள். ஹாரி அதில் ஒருவர். இன்றைய கனடாவில் இருக்கும் நோவா ஸ்கோஷியா போய், அங்கே நிலமும் சரியாகக் கிடைக்காமல், 1792இல் சியரா லியோனுக்குப் போனார். சுதந்திரம் யாருக்கு என்று உங்கள் பெண் தாராளமாகத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: பிரிட்டிஷார் அடிமை முறையை எதிர்த்தார்கள் என்று சொல்லிவிடக் கூடாது. லாயலிஸ்ட்களிடம் இருந்த அடிமைகளை அவர்கள் விடுவிக்கவில்லை.

பழைய வாத்தியார்:

மான்மவுத்காரர் சொன்னது மிகச் சரி, அந்த எச்சரிக்கை உட்பட.

சொத்து விஷயம். போர் நடக்கும்போதே மாநிலங்கள் சட்டம் போட்டு லாயலிஸ்ட்களின் நிலத்தையும் வீட்டையும் பறித்து ஏலம் விட்டன. 1783 பாரிஸ் ஒப்பந்தத்தில் அவற்றைத் திருப்பித் தரச் சொல்லி மாநிலங்களுக்குக் காங்கிரஸ் சிபாரிசு செய்யும் என்று மட்டும்தான் இருந்தது. பெரும்பாலும் யாரும் தரவில்லை. அந்தப் பேச்சுவார்த்தையில் லாயலிஸ்ட்களுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 60,000க்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். நோவா ஸ்கோஷியாவில் போய் இறங்கிய கூட்டத்தால் 1784இல் நியூ பிரன்ஸ்விக் என்று தனி மாகாணமே பிரிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலோர் போகாமல் ஊரிலேயே தங்கிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களுக்காக நியூயார்க் நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஒருவர், வாஷிங்டனின் படையில் இருந்தவர்.

வில்லியம் 1784இல் அப்பாவுக்குச் சமாதானமாகக் கடிதம் எழுதினார். கடமை என்று நினைத்ததைச் செய்தேன், தவறியிருந்தால் தவறட்டும், அதே நிலை திரும்ப வந்தாலும் அப்படித்தான் நடப்பேன் என்பது அதன் சாரம். வயதான காலத்தில் ஒரே மகன் கைவிட்டதோடு எனக்கு எதிராக ஆயுதமும் எடுத்தானே, அதைப் போல எதுவும் என்னைப் புண்படுத்தியதில்லை என்று தகப்பன் பதில் எழுதினார். அடுத்த வருடம் சவுத்தாம்ப்டனில் சந்தித்தார்கள். சந்திப்பில் கடன் கணக்கும் நிலப் பத்திரமும்தான் பேசினார்கள். உயிலில் மகனுக்கு நோவா ஸ்கோஷியாவில் இருந்த கொஞ்சம் நிலமும், ஏற்கெனவே மகன் கையில் இருந்த புத்தகங்களும் காகிதங்களும், பழைய கடன் தள்ளுபடியும்தான். வேறு எதுவும் இல்லை.

உங்கள் பெண்ணை "ஏன் ராஜினாமா செய்யவில்லை" என்று யாராவது கேட்பார்கள். அரசரிடம் சத்தியம் செய்து பதவி ஏற்றேன், 13 வருடம் இந்த மாகாணத்தை நடத்தினேன், உங்கள் மனுக்களையும் நான்தான் லண்டனுக்கு அனுப்பினேன் என்று வில்லியமாகவே பதில் சொல்லட்டும். ஹட்டியைப் பற்றிக் கேட்டால் குரலை உயர்த்த வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். விவாதம் முடிந்ததும் எப்படிப் போனது என்று இங்கே வந்து எழுதச் சொல்லுங்கள்.