மதிப்பீடு 15 சதவீதம் குறைந்தும் பில் 10 சதவீதம்தான் குறைந்திருக்கிறது: ஃபுளோரிடா சிறப்பு வரி மாவட்டம் குறித்து உதவி தேவை

கேள்வி | கணக்குப்பிரிவு_சென்னை

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் இருந்தபடி அமெரிக்க நிறுவனங்களின் சொத்து வரிக் கணக்கைக் கவனிக்கும் பிரிவில் பணியாற்றுகிறேன். மத்திய ஃபுளோரிடாவில் பெரிய சரக்குக் கிடங்கு வளாகம் ஒன்றை வைத்திருக்கும் நிறுவனத்தின் கணக்கு என் பொறுப்பில் உள்ளது. மேல்முறையீட்டுக்குப் பிறகு அந்த வளாகத்தின் மதிப்பு 4 கோடி டாலரிலிருந்து 3.4 கோடி டாலராகக் குறைக்கப்பட்டது. மில் எனப்படும் வரி வீதங்களில் மாற்றம் இல்லாததால், 10,20,000 டாலராக இருந்த பில் 8,67,000 டாலராக இறங்கும் என்று கணித்து ஒதுக்கீட்டுத் தொகையை அனுப்பினோம். ஆனால் பில் 9,18,000 டாலருக்கு வந்திருக்கிறது.

பில்லில் கவுண்டி (மாநிலத்துக்குக் கீழுள்ள உள்ளாட்சி), பள்ளி வாரியம், நீர் மேலாண்மை மாவட்டம் ஆகியவற்றுக்குக் கீழே ‘சமுதாய மேம்பாட்டு மாவட்டம்’ என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. இது ஒரு சிறப்பு மாவட்டம், அதாவது குறிப்பிட்ட பகுதிக்குச் சாலை, வடிகால் போன்ற சேவைகளைத் தரும் தனி உள்ளாட்சி அமைப்பு. சிறப்பு மாவட்டம் என்றால் பெரிய நிறுவனத்துக்கு வரிச் சலுகை என்றுதான், டிஸ்னி பூங்கா இருக்கும் சிறப்பு மாவட்டத்தைக் கலைக்க மாநிலம் முயன்ற விவகாரத்தின்போது செய்திகளில் படித்த நினைவு. இங்கே அது சுமையைக் கூட்டியிருப்பதாகத் தெரிகிறது. வித்தியாசம் எங்கிருந்து வந்தது, அதை எப்படிச் சரிபார்ப்பது என்று அறிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1 | மில்வீதம்

உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. ஃபுளோரிடா பில்லில் இரண்டு பகுதிகள் உண்டு. ‘அட் வலோரம்’ என்ற மேற்பகுதி சொத்தின் மதிப்பைச் சார்ந்தது. ஒரு மில் என்றால் 1,000 டாலர் மதிப்புக்கு 1 டாலர் வரி. ‘நான் அட் வலோரம்’ என்ற கீழ்ப்பகுதி மதிப்பைப் பார்ப்பதே இல்லை. ஏக்கர், கட்டடப் பரப்பு, அலகுக் கணக்கு ஆகியவற்றில் ஒன்றை வைத்து விதிக்கப்படும் கட்டணம் அது.

மதிப்பில் 60 லட்சம் டாலர் குறைந்ததற்கு பில்லில் 1,02,000 டாலர் குறைந்திருக்கிறது; அதாவது மொத்த வீதம் 17 மில். அதன்படி 4 கோடிக்கு 6,80,000 டாலரும் 3.4 கோடிக்கு 5,78,000 டாலரும் வரும். இரண்டு ஆண்டுகளிலும் மீதமுள்ள தொகை அதே 3,40,000 டாலர்தான். மேல்முறையீட்டால் அசையாத அந்தத் தொகைதான் மாவட்டக் கட்டணம். நீங்கள் 15 சதவீதக் குறைப்பை மொத்த பில்லுக்கும் பொருத்திவிட்டதால்தான் 51,000 டாலர் இடித்தது. நீர் மேலாண்மை மாவட்டமும் சட்டப்படி ஒரு சிறப்பு மாவட்டம்தான் என்றாலும், அது மில் கணக்கில் வசூலிப்பதால் மதிப்போடு சேர்ந்து இறங்கிவிட்டது. ஆகவே மாவட்டத்தின் பெயரைப் பார்க்காமல், அந்த வரி பில்லின் எந்தப் பகுதியில் அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பதே பாதுகாப்பானது.

பதில் 2 | ஒர்லாண்டோவாசி

டிஸ்னி குறித்து நீங்கள் குறிப்பிட்டதை அப்படியே விட்டுவிட மனமில்லை. இங்கே வரி கட்டுகிறவர்களிலேயே பலர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

டிஸ்னி பூங்கா இருக்கும் சிறப்பு மாவட்டமான ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டத்தை ஃபுளோரிடா சட்டமன்றம் 1967-இல் உருவாக்கியது. ஆரஞ்சு, ஆசியோலா ஆகிய இரு கவுண்டிகளிலும் பரந்திருக்கும் சுமார் 25,000 ஏக்கர் அதன் எல்லை. டிஸ்னி, கவுண்டி வரியையும் பள்ளி வரியையும் மற்றவர்களைப் போலவே செலுத்திவிட்டு, அதற்கு மேல் மாவட்ட வரியையும் செலுத்தி வந்தது. தீயணைப்பு, சாலை, வடிகால், கழிவுநீர் ஆகிய எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடந்தன. கவுண்டிக்கு 10 மில் உச்சவரம்பு இருக்க, இந்த மாவட்டம் 30 மில் வரை விதிக்க அதிகாரம் பெற்றிருந்தது. நிறுவனத்துக்கு வேறு வகையில் லாபம் இருந்தது: ஏக்கருக்கு ஒரு வாக்கு என்ற முறையில் வாரியம் அதன் கையில் இருந்தது, கட்டட அனுமதிக்குக் கவுண்டியிடம் காத்திருக்க வேண்டியதில்லை, அரசு அமைப்பு என்பதால் மாவட்டம் வரிவிலக்குள்ள பத்திரங்களைக் குறைந்த வட்டிக்கு வெளியிட முடிந்தது.

2022 ஏப்ரலில் இந்த மாவட்டத்தைக் கலைக்கும் சட்டம் வந்தபோது, ஆண்டுக்குச் சுமார் 16.3 கோடி டாலர், அதாவது சேவைகளுக்கு 10.5 கோடியும் கடனுக்கு 5.8 கோடியும், டிஸ்னி கட்டிவந்த மாவட்ட வரி நின்றுவிடும் என்று ஆரஞ்சு கவுண்டியின் வரி வசூல் அதிகாரி எச்சரித்தார். சுமை சாதாரணக் குடியிருப்பாளர்கள் தலையில் விழும், அவர்களின் சொத்து வரி 20 முதல் 25 சதவீதம் வரை உயரக்கூடும் என்றார். கலைக்கப்படும் சிறப்பு மாவட்டத்தின் கடன் உள்ளாட்சிகளைச் சேரும் என்பதே மாநிலச் சட்டம். 2023 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம் மாவட்டத்தையும் அதன் வரி அதிகாரத்தையும் கடனையும் அப்படியே வைத்துக்கொண்டு, பெயரை மத்திய ஃபுளோரிடா சுற்றுலா மேற்பார்வை மாவட்டம் என்று மாற்றி, வாரியத்தை நியமிக்கும் உரிமையை ஆளுநரிடம் கொடுத்தது. டிஸ்னி இழந்தது கட்டுப்பாட்டை; வரி கட்டும் கடமை அப்படியே தொடர்ந்தது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மில்வீதம் ஐயா சொன்னபடி பிரித்துப் பார்த்தேன். 3,40,000 சரியாகப் பொருந்துகிறது. இந்தக் கட்டணத்தையும் குறைக்கக் கோர வழி உண்டா? அடுத்த ஆண்டும் மதிப்பு குறித்து முறையிட நிறுவனம் விரும்புகிறது.

பதில் 3 | முறையீட்டுமேசை

மதிப்பீட்டுச் சீராய்வு வாரியம் இந்தக் கட்டணத்தை விசாரிக்காது; அதற்கு அந்த அதிகாரம் இல்லை. முதலில் மாவட்ட மேலாளருக்கு எழுதி, கட்டணப் பகிர்வு முறை அறிக்கையையும் நடப்பாண்டு வரவுசெலவுத் திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். தொகை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்று பத்திரக் கடனுக்கான தவணை. பத்திரம் முடியும் வரை அதில் பேரம் பேச இடமில்லை. மற்றது பராமரிப்புச் செலவு. அது ஆண்டுதோறும் பொது விசாரணைக்குப் பிறகு தீர்மானிக்கப்படுகிறது. உங்கள் வளாகத்துக்கு எத்தனை ஏக்கர், எத்தனை அலகு என்று அறிக்கையில் பதிவாகியிருக்கிறது என்பதை நில அளவை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். சாலைக்கோ வடிகால் குளத்துக்கோ விட்டுக்கொடுத்த நிலம் இன்னும் உங்கள் கணக்கில் நின்றால், நீதிமன்றம் போகாமலே திருத்தம் கோரலாம். அதற்கு மேல் வழக்காடுவதென்றால், சொத்துக்குச் சிறப்புப் பயன் உண்டா, பங்கீடு நியாயமானதா என்ற இரண்டு கேள்விகள் மட்டுமே எடுபடும்.

வளாகத்தைச் சுற்றிக் குடியிருப்புகள் இல்லாவிட்டால், வாரிய உறுப்பினர்களை நில உரிமையாளர்களே ஏக்கர் கணக்கில் தேர்ந்தெடுப்பார்கள். உங்கள் நிறுவனம் அந்த வாக்கைப் பயன்படுத்துகிறதா என்று அவசியம் கேளுங்கள். பல நிறுவனங்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பராமரிப்புச் செலவைக் கட்டுப்படுத்த அதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

மதிப்பு குறித்த முறையீட்டை, ஆகஸ்டில் வரும் உத்தேச வரி அறிவிப்பு அஞ்சலான 25 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முறையீடு நிலுவையில் இருந்தாலும், வரி நிலுவையாகும் ஏப்ரல் 1-க்கு முன் மதிப்பு சார்ந்த வரியில் குறைந்தது 75 சதவீதத்தையும் மாவட்டக் கட்டணத்தை முழுமையாகவும் கட்டியாக வேண்டும். தவறினால் முறையீடே நிராகரிக்கப்படும். நவம்பரில் கட்டினால் கிடைக்கும் 4 சதவீதத் தள்ளுபடி, இதே பில்லில் வசூலாகும் மாவட்டக் கட்டணத்துக்கும் உண்டு.

கணக்கேட்டில் ஒன்றைக் கவனியுங்கள். சொத்தின் மதிப்பைக் கூட்டும் உள்ளூர் மேம்பாட்டுக்கான கட்டணத்தை, கூட்டாட்சி வருமான வரிச் சட்டத்தின் 164(சி)(1) பிரிவு, கழிக்கத்தக்க வரியாக ஏற்பதில்லை. அதைச் சொத்தின் அடக்க விலையில் சேர்க்க வேண்டும். பராமரிப்புக்கும் வட்டிக்கும் உரிய பகுதியை மட்டும் வரியாகக் கழிக்கலாம், ஆனால் அந்தப் பகுதி எவ்வளவு என்று காட்டும் பொறுப்பு வரி செலுத்துபவருடையது. மாவட்ட மேலாளருக்கு எழுதும் அதே கடிதத்தில் அசல், வட்டி, பராமரிப்பு என்ற பிரிவையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.