தாராவிக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு எதைக் காட்டுவது?

இட்லிக்காரர் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பாவுக்கு முப்பது வருஷமாகச் சைக்கிளில் இட்லி வியாபாரம். நான் சமூகப்பணியில் எம்.ஏ. முதல் வருஷம்.

போன வாரம் எங்கள் மேடம் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து 14 மாணவர்கள் வருகிறார்களாம். நீடித்த நகர வளர்ச்சி பற்றி ஒரு செமஸ்டர் படிப்பு, அதில் ஐந்து வாரம் மும்பை, அந்த ஐந்து வாரத்தில் இரண்டு நாள் தாராவி. "நீ அங்கேயே வளர்ந்த பெண், நீயே கூட்டிக்கொண்டு போ" என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அப்புறம்தான் போன வருஷத்து நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். காலையில் கும்பார்வாடாவில் மண்பாண்டம், அடுத்து பிளாஸ்டிக், அடுத்து அப்பளம் காயப்போடும் பெண்கள், சாப்பாடு, மூன்று மணிக்கு 'ஒரு குடும்பத்துடன் உரையாடல், 20 நிமிடம்'.

அந்த 20 நிமிடம் எனக்கு நன்றாகத் தெரியும். எதிர்வீட்டு அத்தை வீட்டுக்குத்தான் வந்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒன்பது பேர். அத்தை உட்கார இடமில்லாமல் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு நின்றார். ஒரு பையன் சுவரில் தொங்கிய பாத்திரங்களைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். கூட வந்தவர் கேட்டார்: "இங்கே சந்தோஷமா இருக்கீங்களான்னு கேக்கறாங்க." அத்தை சொன்னார்: "இல்லன்னு சொன்னா என்ன பண்ணுவாங்களாம், அதைக் கேளு மொதல்ல." அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் என்ன எழுதினார்கள், எவ்வளவு மார்க் வாங்கினார்கள் என்பதெல்லாம் இந்தக் கல்லியில் (சந்தில்) ஒருவருக்கும் தெரியாது.

இந்த முறை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவரலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "வரட்டும், நாலு இட்லி சாப்பிட்டுப் போகட்டும்" என்கிறார். அம்மா ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். "நம்ம வீட்டைப் பாத்து அவங்க மார்க் வாங்கணுமா?"

இரண்டு நாளில் எதைக் காட்டுவது, எதைக் காட்டக் கூடாது? இதுமாதிரி படிப்பில் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

மாஹிம் மாமா:

மாநகராட்சியில் மழைநீர் வடிகால் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அம்மா, கல்லிக்குள் இருந்து ஆரம்பிக்காதே. வெளியே இருந்து ஆரம்பி.

உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இயற்கைப் பூங்கா இருக்கிறது. 37 ஏக்கர். இன்றைக்குக் காடு மாதிரி இருக்கிற அந்த இடம் ஒரு காலத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டிய மேடு. மரம் வைத்து வளர்த்து 1994ல் பூங்காவாகத் திறந்தார்கள். நீடித்த வளர்ச்சி என்று வகுப்பெடுக்க இதைவிட என்ன வேண்டும்? முதல் நாள் காலையில் அந்தப் பிள்ளைகளை அங்கே உட்கார வைத்து, அது எப்படி நடந்தது என்று சொல். அப்புறம் மித்தி ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போ.

2005 ஜூலை 26 உனக்கு நினைவிருக்காது. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியது. அதே நாளில் கொலாபாவில் 75 மி.மீ. கூட இல்லை. அன்றைக்கு ராத்திரி இடுப்பளவுத் தண்ணீரில் சயானிலிருந்து மாஹிமுக்கு நடந்தே வந்தேன், கையில் குடை வேறு, எதற்கென்று தெரியவில்லை. மறுநாளிலிருந்து எல்லாரும் குடிசைக்காரர்கள்தான் ஆற்றை அடைத்துவிட்டார்கள் என்று பேசினார்கள். குடிசைகளும் நெருக்கின, குப்பையும் அடைத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் விமானதளத்தின் ஓடுபாதைக்குக் கீழே அந்த ஆறு வளைந்து போகிறது. எதிர்க்கரையில் பாந்த்ரா குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிறதே, அதுவும் சதுப்பு நிலத்தை மேடாக்கிய இடம்தான். தண்ணீர் ஒதுங்க இருந்த இடம் எங்கே போயிற்று என்று அந்தப் பிள்ளைகள் கேட்டால், இரண்டு கரையையும் பார்க்கச் சொல். ஒரு கரையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போக விடாதே.

---

வெளியூர்க்காரன்:

இதற்குப் பெயர் வறுமைச் சுற்றுலா. வராதே என்று சொல்லிவிடுங்கள், முடிந்தது கதை.

---

செம்பூர் செல்வி:

வெளியூர்க்காரன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் தங்கச்சி, நான் அந்தப் பக்கம் நின்றவள். நகரத் திட்டமிடல் படிக்கும்போது ஒரு செமஸ்டர் வியன்னாவுக்குப் போனேன். அந்த ஊர் மாநகராட்சிக்குச் சொந்தமாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடகை வீடுகள் உண்டு. அதைப் பார்க்கத்தான் உலகத்தில் இருக்கிற திட்டமிடல் மாணவர்கள் எல்லாம் அங்கே போகிறார்கள்.

முதல் வாரமே எங்களை கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்கிற குடியிருப்புக்கு அழைத்துப் போனார்கள். 1927க்கும் 1930க்கும் இடையில் கட்டியது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய 1,400 வீடுகள். தொழிலாளர்களுக்காகக் கட்டியபோதே துணி துவைக்கும் கூடம், குளியல் கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம் எல்லாம் உள்ளேயே வைத்திருக்கிறார்கள். 1934 உள்நாட்டுச் சண்டையில் இதே கட்டடத்தின்மேல் ராணுவம் பீரங்கியால் சுட்டது. நாங்கள் இருபது பேர், இருபது கேமரா. வளைவுக்கடியில் நின்றுகொண்டு மேலே பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது மாடியில் ஒரு பாட்டி ஜன்னலைத் திறந்து ஜெர்மனில் ஏதோ கத்தினார். கூட இருந்த பெண் காதில் சொன்னாள்: "என் உள்ளாடை காய்கிறது, அதையும் பாடத்தில் சேர்க்கப் போகிறீர்களா என்று கேட்கிறார்."

எனக்கு முகம் எரிந்தது. செம்பூரில் எங்கள் காலனிக்குள் யாராவது இப்படி நுழைந்தால் எங்கள் அம்மா துடைப்பத்தை எடுத்திருப்பார்.

அடுத்த வாரம் வேறு மாதிரி போனோம். குடியிருப்போர் தரப்பிலிருந்து ஒருவர் நிபந்தனை போட்டார். மூன்று மூன்று பேராக வர வேண்டும், கேள்வியை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும், செய்து முடித்ததைத் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் கிடைத்தது உள்முற்றம். காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை அந்த முற்றத்தை யார், எந்த நேரத்தில், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு படம் வரைந்தோம். கொண்டுபோய் ஒட்டினோம். மறுநாள் பார்த்தால் சிவப்புப் பேனாவில் நான்கு திருத்தம். 'இந்த பெஞ்சில் மதியம் வெயில், யாரும் உட்காரமாட்டார்கள்' என்று ஒன்று. எழுதியது அந்த ஜன்னல் பாட்டிதான் என்று பிறகு தெரிந்தது. அந்த செமஸ்டரில் படித்த கட்டுரைகள் பாதி மறந்துவிட்டன. பெஞ்சு மறக்கவில்லை.

அதனால் நான் சொல்வது, ஐந்து இடத்தை ஓடி ஓடிக் காட்டாதே. ஒரு வீட்டை எடுத்துக்கொள். உன் வீடே சரி. 'இங்கே எப்படி வாழ்கிறீர்கள்' என்று கேட்க விடாதே; 'இந்தத் தரை ஒரு நாளில் என்னென்ன வேலை செய்கிறது' என்று கேட்கச் சொல். இருபத்திநாலு மணி நேரத்துக்கும் அந்த வீட்டை வரையச் சொல். தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்தில் எண்ணுவது வீட்டைத்தானே, வேலையை எங்கே எண்ணுகிறார்கள்? 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்கு 350 சதுர அடி; மாளாவில், அதாவது மேல்தளத்தில், இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே வாடகை வீடு. மேலேயும் கீழேயும் சேர்ந்து ஒரே தொழில் நடக்கிறது என்றால் அந்தத் தொழில் எங்கே போகும்? அந்தப் பிள்ளைகள் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

அப்புறம், பணம். உனக்குச் சம்பளம் இருக்கும். வீட்டைத் திறந்துவிடுகிறவர்களுக்கும் அவர்கள் நேரத்துக்குக் கூலி உண்டா என்று உன் மேடத்திடம் கேள். கூச்சப்படாதே.

---

டானா துரை:

தங்கச்சி, நான் தேரா காம்பவுண்டில் பிளாஸ்டிக் அரைக்கிற யூனிட் வைத்திருக்கிறேன். மாசத்துக்கு ஒரு கூட்டமாவது வந்து பார்த்துவிட்டுப் போகிறது. வரட்டும், ஆட்சேபணை இல்லை. காலையில் கூட்டிவா, மதியம் மால் இறங்குகிற நேரம், காலில் ஏறிவிடும்.

வருகிறவர்கள் எல்லாரும் 'ஆகா, ஒன்றையும் வீணாக்காத ஊர்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் பையன் ஓரத்தைக் கொளுத்தி மோந்து பார்த்தே இது எந்த ரகம் என்று சொல்லிவிடுவான். அது திறமைதான். ஆனால் பத்து வருஷம் அந்தப் புகையை மோந்தவனுக்கு நெஞ்சு என்ன ஆகும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ரகம் பிரித்து, அரைத்து, கழுவி, கூரையில் காயப்போட்டு, உருக்கி நூலாக இழுத்து, வெட்டினால் டானா, அதாவது பிளாஸ்டிக் மணி. கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புது பிளாஸ்டிக் மலிவாகிவிடும், எங்கள் டானாவை எவனும் சீண்டமாட்டான். குப்பையை எடுக்கிறோமே என்று அப்போது யாரும் காசு தருவதில்லை. அதையும் எழுதிக்கொண்டு போகச் சொல்.

---

இட்லிக்காரர் மகள்:

மாமா, செல்வி அக்கா, துரை அண்ணே, எல்லாருக்கும் நன்றி. வெளியூர்க்காரன் அண்ணா, வராதே என்று சொல்லத்தான் எனக்கும் முதலில் தோன்றியது. நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது பழைய நிரலோடு கூட்டிவருவார்கள்.

நேற்று மேடத்திடம் பேசினேன். வீட்டுக்குக் கூலி தருவதற்கு ஒத்துக்கொண்டார்; கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான். 14 பேரையும் நான்காகப் பிரிக்கிறோம். மண்பாண்டமும் அப்பளமும் கிடையாது. அம்மாவும் இறங்கி வந்துவிட்டார், ஆனால் மூன்று நிபந்தனை: மூன்று பேருக்குமேல் உள்ளே வரக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, சாமி அலமாரிப் பக்கம் செருப்போடு போகக் கூடாது.

---

இட்லிக்காரர் மகள் (நான்கு வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

இரண்டாம் நாள் மூன்று பேர் ராத்திரி இரண்டரை மணிக்கே வந்துவிட்டார்கள். அப்பா கொப்பரையைத் திறந்ததும் ஒரு பையனுக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை; கடைசியில் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மாளாவில் தூங்கும் நெல்லைப் பையன்கள் இருவரும் இறங்கி வந்து இட்லித் துணியைப் பிழிந்தார்கள். ஐந்து மணிக்கு அண்டாவைக் கேரியரில் கட்டி, ஹாரனை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு அப்பா மாஹிம் பக்கம் கிளம்பினார். ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. எட்டு மணிக்கு அதே தரையில் தம்பி உட்கார்ந்து ஷூ மாட்டினான். மத்தியானம் உளுந்து ஊறியது. சாயங்காலம் கிரைண்டர். ராத்திரி அதை மூலைக்குத் தள்ளிவிட்டுப் பாய் விரித்தோம். எல்லாவற்றையும் அவர்கள் வரைந்தார்கள்.

அதில் ஒரு பெண் அண்டா கட்டிய சைக்கிளை நாடா வைத்து அளந்தாள். எதற்கு என்று கேட்டேன். சயான் பக்கம் மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டை முதல் நாளே அளந்துவிட்டு வந்தாளாம். சைக்கிள் உள்ளே போகாது. அவள் அதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். "இதைக் கண்டுபுடிக்க அமெரிக்காவுல இருந்தா வரணும்?" என்றார். அம்மா சிரிக்கவில்லை. பன்னிரண்டாம் மாடியில் கொடுத்தால் கிரைண்டரை எங்கே ஓட்டுவது, ராத்திரி மூன்று மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் சும்மா விடுவாரா என்று அந்தப் பெண்ணிடமே கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவளிடம் பதில் இல்லை. நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டடிக்கு மூன்றடி, வீடு எட்டு நேரத்தில் எட்டுத் தடவை. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். "கிரைண்டர் இந்தப் பக்கம் இல்ல, தண்ணி டிரம் ஒண்ணு கொறயுது" என்றார். தம்பியின் சிவப்புப் பேனாவால் அவரே டிரம்மை வரைந்தார். செல்வி அக்கா, உங்கள் பாட்டி நினைவுக்கு வந்தார்.

எதிர்வீட்டு அத்தையும் வந்து பார்த்துவிட்டு, தன் வீட்டை ஏன் வரையவில்லை என்று கோபித்துக்கொண்டார்.

மாட்டுங்காவில் இந்த அளவுக்கு லேமினேட் செய்யும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். சுவரில் மாட்டியிருக்கிறோம், இட்லி ஆவியில் இப்போதே ஒரு மூலை சுருண்டுவிட்டது.