வளரிளம் பருவத்தினரிடம் ஏற்பு மற்றும் ஈடுபாட்டுச் சிகிச்சை: விழுமியங்களைப் பற்றிப் பேசத் தொடங்குவது எப்படி?

கேள்வி

வணக்கம். பெரியவர்களிடம் ஏற்பு மற்றும் ஈடுபாட்டுச் சிகிச்சையைப் பயன்படுத்திவரும் உளவள ஆலோசகர் நான். வேண்டாத எண்ணங்களோடும் உணர்வுகளோடும் போராடாமல் அவற்றுக்கு இடம் கொடுத்து, தனக்கு முக்கியமானவற்றை, அதாவது தன் விழுமியங்களை, நோக்கிச் செயல்பட உதவும் உளச்சிகிச்சை இது. அண்மைக்காலமாக 13 முதல் 17 வயது வரையிலானவர்களையும் சந்திக்கிறேன். அவர்களுள் ஒரு மாணவி, பிறர் தன்னைத் தாழ்வாக எண்ணிவிடுவார்கள் என்ற அச்சத்தால் வகுப்பில் பேசுவதையே தவிர்க்கிறாள். எண்ணங்களிலிருந்து சற்று விலகி நின்று அவற்றைக் கவனிக்கும் பயிற்சிகளை விருப்பத்துடன் செய்கிறாள். ஆனால் "வாழ்க்கையில் உனக்கு எது முக்கியம்?" என்று கேட்டால், "தெரியவில்லை" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. விழுமியங்கள் தெளிவாகாத நிலையில் செயலை நோக்கி எப்படி நகர்வது?

பதில் 1

அந்த வயதில் "தெரியவில்லை" என்பது பெரும்பாலும் உண்மையான பதில்தான். அதை ஒத்துழையாமையாகக் கருத வேண்டாம். லூயிஸ் ஹேய்ஸும் ஜோசப் சியரோச்சியும் இளையோருக்காக உருவாக்கிய டிஎன்ஏ-வி முறையில் (மூன்று திறன்களின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளோடு விழுமியத்தைக் குறிக்கும் "வி" சேர்ந்த பெயர் இது), புதியதைச் செய்து பார்க்கும் "கண்டறிபவர்", உடலிலும் உணர்விலும் நிகழ்வதைப் பார்க்கும் "கவனிப்பவர்", கடந்த அனுபவத்தை வைத்துத் தீர்ப்பும் எச்சரிக்கையும் வழங்கும் "அறிவுரைப்பவர்" என மூன்று திறன்கள் பேசப்படுகின்றன. உங்கள் மாணவி கவனிப்பவராக இருக்கக் கற்றுவிட்டாள். கண்டறிபவராக இருக்க இன்னும் வாய்ப்புப் பெறவில்லை என்று தோன்றுகிறது.

ஆகவே விழுமியத்தை முதலில் சொல்லவைத்துப் பிறகு செயலைத் தேடாமல், சிறிய செயலிலிருந்து தொடங்குங்கள். நம்பிக்கையான ஒரு வகுப்புத் தோழியிடம் பாடத்தில் ஓர் ஐயம் கேட்பது போதும். மறு அமர்வில் "அச்சம் குறைந்ததா?" என்று கேட்டால் முழு முயற்சியும் மீண்டும் அச்சத்தைக் கட்டுப்படுத்தும் வேலையாகிவிடும். "அந்த நேரத்தில் உனக்குப் பிடித்தது ஏதாவது இருந்ததா? அது இன்னும் கொஞ்சம் கிடைத்தால் நன்றாக இருக்குமா?" என்று கேளுங்கள். யாரைப் போல நடந்துகொள்ள அவள் விரும்புகிறாள் என்ற பேச்சும் அங்கிருந்து இயல்பாக வரும். விழுமியங்கள் அட்டவணையைக் கையில் கொடுத்தால், பெரியவர்கள் எதிர்பார்க்கும் சொற்களையே பலர் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

பதில் 2

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். ஆனால் அந்தச் சிறிய செயலுக்கு முன்பே ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். வகுப்பில் யாரேனும் அவளை உண்மையிலேயே ஏளனம் செய்கிறார்களா? இந்தச் சிகிச்சையில் ஏற்பு என்பது அச்சம், கூச்சம், வேண்டாத எண்ணங்கள் போன்ற உள் அனுபவங்களுக்கு இடம் கொடுப்பது. துன்புறுத்தலைச் சகித்துக்கொள்வது அன்று. வீட்டிலும் பள்ளியிலும் "பொறுத்துப் போ" என்றே கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளை, நாம் விளக்காவிட்டால் இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். சூழலை மாற்ற வேண்டியிருந்தால் அதற்குப் பெரியவர்களே முதலில் பொறுப்பேற்க வேண்டும். அதேபோல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால் பாதுகாப்பு மதிப்பீடு உடனே நடக்க வேண்டும். பயிற்சிகள் அதற்குப் பிறகுதான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஏளனம் பற்றி அடுத்த அமர்வில் நேரடியாகக் கேட்கிறேன். இன்னொரு சிக்கல்: அச்சம் எவ்வளவு குறைந்தது என்று பெற்றோர் ஒவ்வொரு வாரமும் கேட்கிறார்கள். அவர்களுக்கு எதைக் காட்டுவது?

பதில் 3

தவிர்த்தலையும், எண்ணங்களை அப்படியே உண்மையென நம்பி அவற்றோடு ஒன்றிப்போவதையும் அளக்க, இளையோருக்கென்றே 17 கூற்றுகள் கொண்ட ஏஎஃப்கியூ-ஒய் என்ற வினாநிரல் இருக்கிறது. 8 கூற்றுகள் கொண்ட குறும்வடிவமும் உண்டு. ஆயினும் பெற்றோருக்கு அந்த மதிப்பெண்ணைவிட, முன்பு தவிர்த்த எந்தெந்தச் சூழல்களில் அவள் இப்போது பங்கெடுக்கிறாள் என்பதையே, அவளுடைய ஒப்புதலுடன், நான் சொல்வேன். நாட்பட்ட வலியுள்ள சிறுவர்களிடம் ஸ்வீடனில் ரிகார்ட் விக்செல் குழுவினர் இந்த அணுகுமுறையைப் பயன்படுத்தியபோதும், வலியை அகற்றுவதைவிட அன்றாடச் செயல்பாட்டை மீட்பதையே இலக்காக வைத்தார்கள்.

எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைவிட, ஏற்பு மற்றும் ஈடுபாட்டுச் சிகிச்சை மேலானது என்று பெற்றோருக்கு உறுதியளிக்க வேண்டாம். அவ்வாறு கூறுவதற்குப் போதிய சான்று இல்லை. சமூக அச்சத்துக்கு இரண்டிலுமே அஞ்சும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்வது இன்றியமையாதது. பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: மகள் வீடு திரும்பியதும் "இன்று பயந்தாயா?" என்று கேட்பதைச் சில வாரங்களுக்கு நிறுத்திவிட்டு, அன்று என்ன செய்தாள் என்று மட்டும் கேட்கட்டும்.