யன்னலை வைத்துத் தேவாலயத்தின் காலம் சொல்லலாமா?

கேள்வி: இலங்கை மலைநாட்டு டிக்கோயாவின் வார்லி தேவாலயம் 1878இல் கட்டியது. இதுபோன்றவற்றுக்கு முன்மாதிரியான இங்கிலாந்தின் இடைக்காலக் கோயில்களுக்கு எப்படிக் காலம் கணிப்பது?

பதில் 1: யன்னல்தான் முதல் சாட்சி. அரைவட்ட வளைவு, தடித்த சுவர் என்றால் நோர்மன் ஆட்சிக்காலப் பாணி; ஏறத்தாழ 1190க்கு முன். ஒடுங்கிய கூர்முனை யன்னல் 13ஆம் நூற்றாண்டு. யன்னலின் கற்சட்டம் தீச்சுவாலைபோல நெளிந்தால் 14ஆம் நூற்றாண்டு. அதன்பின் நிமிர்ந்த கற்கம்பிகள் வளைவின் உச்சிவரை நேராக ஏறும்.

பதில் 2: அண்ணன் சொன்னது சரி, ஆனால் யன்னலை மட்டும் நம்பிவிடாதீங்க. பழைய சுவரை உடைத்துப் பெரிய யன்னல் வைப்பது அங்கே சர்வசாதாரணம். விளிம்பை ஒட்டிக் கல்வரிசை முறிந்திருந்தால், சுவர்தான் மூத்தது.

பதில் 3: சாந்தையும் பாருங்க. பழையது சுண்ணாம்புச் சாந்து. பழுதுபார்க்க சுண்ணாம்பு 1, மணல் 3 போதும். சீமெந்து அடைத்தால் ஈரம் வெளியேறாமல் கல்முகமே உதிரும். நம்ம மலைநாட்டு மழைக்குக் கேட்கவே வேண்டாம்!